கட்டளை வராவிட்டால்

"இறக்கை துடிக்குது அக்கா. நீங்கள் ஒருக்கா நேரை வந்து பாத்தால்தான் சரிவரும்" என்று தர்ஷினி தொலைபேசியில் சொன்னபோது நான் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் புகைப்படக்காரரின் டிரோன் பறந்துகொண்டிருந்தது. பந்தியில் இருந்தவர்கள் கையில் எடுத்த ஜாங்கிரியை இலையிலேயே வைத்துவிட்டு அதைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். அசைத்துக்கொண்டே, "வர்றேங்க" என்று தர்ஷினியிடம் சொல்லிவிட்டேன்.

எடை குறைந்த, நெகிழும் இறக்கை கொண்ட ஆளில்லா விமானங்களுக்குக் கட்டுப்பாட்டு அமைப்பு வடிவமைப்பது என் தொழில். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள், "ஏரோப்ளேன் ரிப்பேரா?" என்று கேட்பார்கள். விளக்கப் போனால் எனக்குக் கோபம் வரும், அவர்களுக்குத் தூக்கம் வரும். ஆனாலும் ஒரு முறை விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயணமே புரியாது. எடையைக் குறைக்க இறக்கையை நீளமாக, மெல்லியதாகச் செய்தால் அது காற்றில் வளைந்து ஆடும். விமானத்துக்குள் இருக்கும் கணினி அந்த ஆட்டத்தைப் பார்த்து, விமானமே சாய்கிறது என்று நினைத்துத் திருத்தப் போகும். திருத்தம் சரியாக ஆட்டத்தின் தாளத்தில் விழுந்தால், ஊஞ்சலைத் தள்ளிவிட்ட கதைதான். ஆட்டம் கூடிக்கொண்டே போய் இறக்கை முறியும். தர்ஷினியின் விமானத்துக்கு வந்திருந்த நோய் அதுதான்.

தர்ஷினி யாழ்ப்பாணத்தில் பொறியியல் கற்பிக்கிறார். பிறந்தது குருநகர், கடற்கரை. இயந்திரம் நின்று கடலில் இழுபட்டுப் போகும் வள்ளங்களை மேலே இருந்து தேடிக் கண்டுபிடிக்கத்தான் அவர் இந்த விமானத்தைச் செய்தார். கேட்டவர் ஜெசிந்தா என்ற அவருடைய அயலவர், மீனவர் சங்கச் செயலாளர். ஜெசிந்தாவின் கணவர் தொழிலுக்குப் போன வள்ளம் ஒரு நாள் திரும்பவில்லை. சுற்றுவட்டாரத்து வள்ளங்களெல்லாம் தேடின. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. இப்போது மகன் கடலுக்குப் போகிறான். நான் வந்து துடிப்பை நிறுத்தினால் சங்கத்துக்குப் பறக்கவிட்டுக் காட்டலாம், அவர்கள் சம்மதித்தால் விமானம் கடலுக்குப் போகும், இல்லையென்றால் கூரையில் தொங்கும் என்பது நிலைமை.

யாழ்ப்பாண விமான நிலையச் சுங்கத்தில் ஒரு அதிகாரி என் பையில் இருந்த பெட்டியை எடுத்து, "உது என்ன?" என்றார். விமானத்தை ஓட்டும் கருவி என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்கள் வந்த பிளேனையும் உதுதான் ஓட்டினதோ?" என்று கேட்டார். சிரித்தார். விசாரணை அத்தோடு முடிந்ததில் எனக்குத்தான் அதிர்ச்சி. எங்கள் ஊர் விமான நிலையமாக இருந்தால் அந்தப் பெட்டிக்காக அரை நாள் போயிருக்கும்.

தங்கியது நல்லூரில். காலையில் கடைக்குப் போய் டீ கேட்டேன். பால் இல்லாமல் வந்தது. எங்கள் பக்கம் காய்ச்சல்காரருக்குத்தான் அப்படிக் கொடுப்போம். முகத்தைப் பார்த்த கடைக்காரர், "பால் வேணுமெண்டால் பால் தேத்தண்ணி எண்டு கேக்க வேணும்" என்றார். கூடவே இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் பச்சை மிளகாய் இடித்த சம்பலும் வைத்தார். சம்பலைப் பெரிய வாயாக எடுத்து வைத்தேன். கண்ணில் தண்ணீர் வழிய நான் உட்கார்ந்திருந்ததைத் தெருவில் டியூசனுக்குப் போன பிள்ளைகள் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பட்டறை அச்சுவேலியில். உள்ளே போனதும் நேராக விமானத்திடம் போனேன். எட்டு மீட்டர் இறக்கை. நடுவே பிடித்துத் தூக்கினால் பள்ளிக்கூடப் பையைவிடக் கனம் குறைவு. ஓரத்தை விரலால் தட்டினால் நுனி ஒரு முழம் மேலும் கீழும் போய் வந்தது. இறக்கை நெடுக ஆறு சிறிய மோட்டார்கள். "இவ்வளவு மெல்லிசா எப்படிங்க பண்ணீங்க?" என்றேன். "காசு இருந்தால் தடிப்பாச் செய்திருப்பம்" என்றார் தர்ஷினி.

இரண்டு நாள் அந்தக் கொட்டகையில்தான். என் யோசனை எளிமையானது. ஆறு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும் என்று யார் சொன்னது? இறக்கை மேலே வளையும் இடத்தில் மோட்டார் சற்றுத் தணியட்டும், கீழே இறங்கும் இடத்தில் சற்று ஏறட்டும். ஊஞ்சல் வரும்போது எதிர்ப்பக்கம் கை வைத்துத் தடுப்பது மாதிரி ஆட்டத்தை மோட்டார்களே அடக்கிவிடும். பாதுகாப்புக்காக விசிறிகளைக் கழற்றிவிட்டு, அதே எடையில் வட்டத் தட்டுகளைப் பூட்டி, இறக்கையை மேசையில் கட்டிச் சோதித்தோம். தட்டு சுழலும் எதிர்விசையே ஆட்டத்தை அடக்கப் போதும். தர்ஷினி நுனியைப் பிடித்து உலுக்கிவிட்டார். கண் மூடித் திறப்பதற்குள் இறக்கை சாதுவாக நின்றது. அவர் மறுபடி உலுக்கினார். மறுபடி நின்றது. சின்னப் பிள்ளைபோல உலுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

கூடவே இன்னொரு விதியும் எழுதினேன். ரிமோட்டிலிருந்து கட்டளை வராவிட்டால் விமானம் என்ன செய்ய வேண்டும்? புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து, அதற்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் எல்லா விமானத்துக்கும் எழுதுவது இதைத்தான். எழுதும்போது யோசிப்பதுகூட இல்லை.

மறுநாள் புத்தூரில் ஒரு வெங்காயத் தோட்டத்து ஓரம் பறக்கவிட்டோம். ஒரு இலைகூட அசையாத காலை. விமானம் எழுந்து, நேராகப் போய், நேராக வந்து இறங்கியது. காற்று இல்லாததால் மோட்டார்களுக்கு அடக்க ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின் போட்ட சத்தத்தில் விமானத்தின் சத்தம் கேட்கவும் இல்லை. தோட்டக்காரர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து வாய்க்காலைத் திருப்பினார். அந்த அலட்சியம் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

குருநகருக்கு விமானத்தைக் கொண்டுபோனது, பட்டறைக்குப் பக்கத்தில் தோட்டம் செய்யும் நாதன் அண்ணையின் லாண்ட்மாஸ்டர். இரண்டு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பெட்டி பூட்டிய வண்டி அது. போகும் வேகத்தைவிட அதன் நடுக்கம் அதிகம். அச்சுவேலிச் சந்தையைத் தாண்டுவதற்குள் பெட்டியில் இரண்டாகக் கழற்றிக் கட்டியிருந்த இறக்கைகள் அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டு படபடவென்று அடிக்கத் தொடங்கிவிட்டன. இறக்கையின் தாளமும் இயந்திரத்தின் தாளமும் ஒன்றாகிவிட்டால் முறிவுதான். "அண்ணா, வேகமாப் போங்க" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, எல்லாரும் மெல்லப் போகச் சொல்லுவினம். நீங்கள் முடுக்கச் சொல்லுறியள்." முடுக்கினார். இறக்கைகள் அடங்கின, எங்கள் முதுகெலும்புதான் ஆடியது. வழியெல்லாம் அவர் தன் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். கடல் தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்குக் கடல் என்றால் ஆகாதாம்.

கடற்கரையில் நல்ல கூட்டம். ஜெசிந்தா அக்கா குட்டையாக, சத்தமாக, எதற்கும் காத்திருக்காதவராக இருந்தார். பெரிய பானையில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே நண்டும் இறாலும் பயற்றங்காயும் இன்னும் என்னென்னவோ. "காட்டி முடிச்சிட்டு வாங்கோ, சாப்பாடு பிறகு" என்றார். கோயில் ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொல்லியும் ஆகிவிட்டது: சங்கத்துக்காக எங்கடை பிள்ளை ஒண்டு செய்த விமானம் பறக்கப் போகுது, ஆரும் பயப்பிடத் தேவையில்லை. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

தர்ஷினி கையில் ரிமோட், என் முன்னால் மடிக்கணினி. அவருடைய இரண்டு மாணவர்கள் இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி மேலே விட்டார்கள். கூட்டம் கைதட்டியது. விமானம் கடலின் மேல் போய்த் திரும்பியது. அப்போது மதியக் காற்று எழுந்தது. இறக்கை வளைந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன், அடங்கியதையும் பார்த்தேன். ஆறு மோட்டாரும் தணிந்தும் ஏறியும் வேலை செய்யத் தொடங்கின. அதுவரை மெல்லிய ரீங்காரமாக இருந்த சத்தம், விட்டு விட்டு அதிரும் ஒரு உறுமலாக மாறியது. என் கணக்கு உயிரோடு மூச்சு விடுகிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

"பாருங்க தர்ஷினி" என்று திரும்பினேன். தர்ஷினி அங்கே இல்லை.

கீழே கிடந்தார். முகம் மணலில், இரண்டு கையும் பிடரியில். ரிமோட் சிமெண்டுத் திட்டில் மோதிப் பின்மூடி கழன்று கிடந்தது. மயங்கிவிட்டாரோ என்று குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். கரை முழுவதும் ஆட்கள் படுத்திருந்தார்கள். வள்ளங்களுக்கு அடியில், வலைக் குவியலுக்குப் பின்னால், வெறும் மணலில். ஒருவர்கூடக் கத்தவில்லை. பானைக்குப் பக்கத்தில் ஜெசிந்தா அக்கா அகப்பையோடு கிடந்தார். நின்றுகொண்டிருந்தவர்கள் பதின்வயதுப் பிள்ளைகளும் சிறுவர்களும் நானும் மட்டும். நாதன் அண்ணையும் லாண்ட்மாஸ்டரின் பெட்டிக்கு அடியில் பாதி புகுந்திருந்தார். பிள்ளைகள் தங்கள் அம்மாமாரைக் குனிந்து பார்த்து, "என்னம்மா, என்ன?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கட்டளை வராததால் விமானம் என் விதிப்படி நடந்தது. கடலில் இருந்து திரும்பி வந்து, சரியாக எங்கள் தலைக்கு மேல், அதே உறுமலோடு வட்டமடிக்கத் தொடங்கியது. ஒரு வட்டம். இன்னொரு வட்டம். ஒவ்வொரு முறை அது நேர் மேலே வரும்போதும் தர்ஷினியின் முதுகு மணலுக்குள் இன்னும் ஒடுங்கியது. ரிமோட்டின் பேட்டரி எங்கே தெறித்தது என்று கையால் மணலைத் துழாவினேன். கிடைக்கவில்லை. மடிக்கணினியில் ஒரே ஒரு கட்டளை இருந்தது, மோட்டார்களை நிறுத்துவது. மோட்டார் நின்றால் ஆட்டத்தை அடக்க ஒன்றுமில்லை, இந்தக் காற்றில் இறக்கை தாங்காது. தர்ஷினியின் இத்தனை வருட உழைப்பு அது. அவரிடம் கேட்கக் குனிந்தேன். அவர் உதடுகள் அசைந்தன. செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது வட்டத்தில் கடல் பக்கம் போகும்வரை பொறுத்து அழுத்தினேன். சத்தம் நின்றது. இறக்கை ஒரு முறை வளைந்தது, இரண்டாவது முறை அதைவிட, மூன்றாவது முறை நடுவில் மடிந்தது. துண்டு துண்டாக ஆழமில்லாத தண்ணீரில் விழுந்தது.

கொஞ்ச நேரம் யாரும் எழும்பவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்து மணலைத் தட்டினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்கள். முறிந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து ஒரு வலையை விரித்து அதன்மேல் அடுக்கினார்கள். ஜெசிந்தா அக்கா அகப்பையைக் கழுவினார். பனையோலையில் மடித்த பிளாவில் கூழை ஊற்றி முதலில் என்னிடம் நீட்டினார். படுத்து எழுந்தவர்கள் எனக்குச் சாப்பாடு தருகிறார்கள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அழுதுவிட்டேன்.

"அழாதேங்கோ அக்கா" என்றார் தர்ஷினி. அவர் முகத்தில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. "சண்டைக்குள்ளை நாங்கள் எல்லாரும் இடம்பெயர்ந்து வன்னியிலை இருக்கேக்கை இரவு பகலா எங்கடை தலைக்கு மேல நிக்கும். ஆளில்லாத பிளேன். வண்டு எண்டு சொல்லுறனாங்கள். அது குண்டு போடாது. பாத்துக்கொண்டு நிக்கும். அதுக்குப் பிறகுதான் மற்றது வரும்." கூழை ஒரு வாய் குடித்தார். "நான்தானே இதைச் செய்தனான். ஒவ்வொரு குச்சியும் என்ரை கையாலை ஒட்டினது. அது இது இல்லையெண்டு எனக்குத் தெரியாதோ? ஆனா உடம்பு கேக்கேல்லை."

ஜெசிந்தா அக்கா எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். "ஒண்டு கேக்கிறன். சொல்லுங்கோ. போன பிளேன் ஏன் திரும்பி வந்து எங்கடை தலைக்கு மேல நிண்டது?"

"கட்டளை வரலைன்னா புறப்பட்ட இடத்துக்கு மேலேயே சுத்தணும்னு நான்தாங்க எழுதியிருந்தேன். அதுதான் பாதுகாப்புன்னு."

"ஆருக்குப் பாதுகாப்பு?"

"விமானத்துக்கு" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சங்கத்துக்காரர்களோடு தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "என்ரை மனுசன் போன அண்டைக்கு இப்பிடி ஒண்டு இருந்திருந்தால் நான் அதுக்குக் கீழை நாள் முழுக்கப் படுத்துக் கிடந்திருப்பன். இது வேணும். திருப்பிச் செய்யுங்கோ. ஆனா கரையிலை எழும்பக் கூடாது. எங்கடை வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போய், சத்தம் கேக்காத தூரத்திலை விடுவம். அது அங்கையே சுத்தட்டும், அங்கையே இறங்கட்டும்."

அன்று மாலை அச்சுவேலியில் பழைய விதியை அழித்தேன். புதிய விதியில் ஒரு இடம் மட்டும் காலியாக நின்றது: கரையிலிருந்து எவ்வளவு தூரம்? கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்றேன். தர்ஷினி போட்டும் தந்தார். ஆனால் தொலைபேசியில் கேட்ட ஜெசிந்தா அக்கா, "கணக்கு எங்களுக்கு விளங்காது. நாங்கள் வந்து இருந்து கேக்கிறம்" என்றார்.

அதனால் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் மறுபடியும் குருநகர். தண்ணீரில் விழுந்த மோட்டார்களில் நான்கு இன்னும் சுற்றின. ஒரு பலகையில் அவற்றைப் பூட்டி, அதே தாளத்தில் உறுமும்படி என் பெட்டியையும் வைத்து, ஒரு வள்ளத்தில் ஏற்றினோம். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும் நாதன் அண்ணை வருகிறேன் என்றார். கடல் ஆகாத மனிதர், இரண்டு கையாலும் பலகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்தார்.

"அண்டைக்குப் படுத்த ஆக்கள் மட்டும் வாங்கோ" என்று ஜெசிந்தா அக்கா சொல்லியிருந்தார். வந்தார்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து, கடலைப் பார்க்க மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், சத்தம் கேட்காமல் போனதும் கையைத் தூக்க வேண்டும். எல்லாக் கையும் எழும்பும் இடம்தான் தூரம். தர்ஷினியும் போய் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். நான் கைபேசியில் வள்ளத்தோடு தொடர்பில் நின்றேன்.

மோட்டார்கள் உறுமின. வரிசையில் இருந்தவர்களின் தோள்கள் ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தன. யாரும் எழும்பவில்லை. வள்ளம் போனது. தர்ஷினி கணக்குப் போட்ட தூரம் வந்தபோது எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கை எழுந்தது. பிறகு நாலைந்து. வள்ளம் சிறுத்துப் புள்ளியானது. ஜெசிந்தா அக்காவின் கையும் எழுந்தது. ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து, பக்கத்தில் பார்த்து, சிரித்துக்கொண்டார்கள்.

தர்ஷினியின் கை மடியிலேயே இருந்தது. கண் மூடியபடி, தலையைச் சற்றுச் சாய்த்து, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கைபேசியில் நாதன் அண்ணையின் குரல் வந்தது. "தங்கச்சி, பற்றரி முடிஞ்சுது. மோட்டார் நிண்டு எவ்வளவோ நேரமாச்சு. திரும்பட்டோ?"

நான் தர்ஷினியைப் பார்த்தேன். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லீங்கண்ணா" என்றேன். "இன்னும் கொஞ்சம் போங்க."